கண்மாய்ப் பக்கம் பார்த்த குழாய்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. ஒரு பக்கம் நடவு வேலை. இன்னொரு பக்கம், எங்க மாட்டுக்கொட்டகைத் திண்ணையில கிடக்குற மூணு பழைய யூனிட்டு. ராத்திரி சாப்பிட்டுட்டு அதுங்க முன்னாடி உக்காந்தா பதினோரு மணி ஆயிடுது. வீட்ல திட்டு.

யூனிட்டுன்னா டவுன்ல இருக்குற உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மரத்துல கட்டுவாங்களே, ரேடியோக் குழாய், அதைப் பார்த்திருப்பீங்க. பூவு மாதிரி விரிஞ்சு இருக்குற தகரம்தான் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனா அந்தத் தகரத்துக்குப் பேசத் தெரியாது. அதோட பின்பக்கம் உருண்டையா, கைக்கு அடக்கமா, தூக்கினா கனமா ஒண்ணு மரையில முறுக்கி இருக்கும். அதுதான் யூனிட்டு. சத்தம் பிறக்குற இடம் அதுதான்.

இந்த மூணும் எங்க ஊர் மைக்செட்டு மாமாவோடது. மாமா தவறி நாலு வருஷம் ஆச்சு. போன தையில அத்தை வீட்டைப் பழுது பார்க்கும்போது, பழைய இரும்புக்காரன் தராசோட வந்து நின்னுட்டான். அத்தை என்னைக் கூப்பிட்டுவிட்டு, “கிலோ கணக்குல போடுறதுக்கு மனசு வரல, நீ அவர்கூட திரிஞ்சவன், எடுத்துட்டுப் போ”ன்னாங்க. மூணுல ஒண்ணைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிஞ்சிருச்சு. மூடியில ஒரு ஸ்க்ரூ மட்டும் வேற ஸ்க்ரூ. அது நான் போட்டது. அந்தக் கதைக்குப் பிறகு வர்றேன். முதல்ல இந்தச் சாமான் எங்க இருந்து எங்க ஊர் புளியமரத்துக்கு வந்துச்சுன்னு சொல்லிடுறேன்.

குழாயால சத்தம் கூடும்ங்கறது நமக்குப் புதுசு இல்ல. கொம்பும் எக்காளமும் ஊதுறவங்க அதை எப்பவோ கண்டுபிடிச்சாச்சு. வாயில கையைக் குவிச்சு வயக்காட்டுல ஆள் கூப்பிடுறோமே, அதுவும் இதேதான். கிராமபோன் பெட்டியில பெரிய பித்தளைப் பூ வச்சதும் இதுக்குத்தான். ஊசி அசைக்கிற சின்ன அசைவு அப்படியே வெளிய விட்டா காத்துல கரைஞ்சு போயிடும். குறுகின இடத்துல பிறந்து மெல்ல மெல்ல விரியிற பாதையில விட்டா, அந்த அசைவு காத்தைப் பிடிச்சுத் தள்ளும்.

இதுல மின்சாரத்தைக் கொண்டுவந்தவங்கள்ல முக்கியமான ரெண்டு பேர் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் இருந்த பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும். காந்தத்துக்கு நடுவுல ஒரு கம்பிச் சுருளைத் தொங்கவிட்டு, அதை ஒரு தகட்டோட சேர்த்து, அதுக்கு மேல கிராமபோன் பூவை வச்சாங்க. 1915இல் அதுக்கு வச்ச பேர் மேக்னவாக்ஸ். லத்தீனில் பெருங்குரல்னு அர்த்தமாம். 1919இல் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் சான் டியாகோ நகர விளையாட்டரங்கத்துல சுமார் 50,000 பேர் முன்னால பேசினதும் இந்தப் பெருங்குரல்லதான். அதுவரைக்கும் தொண்டை பெருசா இருக்குறவந்தான் தலைவன்.

ஆனா அது கரகரன்னு இருக்கும், சத்தமும் ஒரு அளவுக்கு மேல ஏத்த முடியாது. இப்ப நம்ம கையில இருக்குற யூனிட்டோட நேரடி பாட்டன்னு சொல்லணும்னா அது 1926இல் வந்தது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வென்ட்டே, துராஸ்னு ரெண்டு பேர் செஞ்சது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 555ன்னு அதுக்குப் பேர். அந்த வருஷம் ஆகஸ்டுல நியூயார்க்ல ‘டான் வான்’ங்கற படத்தை இசைத்தட்டுச் சத்தத்தோட ஓட்டினாங்களே, அந்தத் தியேட்டர்ல பாடினது இதுதான். பேசும்படம்னு ஒண்ணு உலகத்துல நிலைச்சதுக்குப் பாதிக் காரணம் இந்தக் கையடக்க உருண்டைன்னு நான் சொல்லுவேன். கேமராக்காரங்க கோவிச்சுக்கலாம்.

அவங்க செஞ்ச வேலையைப் புரிஞ்சுக்கிட்டா, யூனிட்டை எப்படிப் பராமரிக்கணும்ங்கறதும் தானா புரிஞ்சிடும். அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

உள்ளே வட்டமா ஒரு மெல்லிசுத் தகடு. குமிழ் மாதிரி நடுவுல புடைச்சிருக்கும். டயாபிரம்னு சொல்லுவோம். 555இல் அது அலுமினியக் கலவை, தடிமன் 0.05 மில்லிமீட்டர். நோட்டுப் புத்தகத் தாள்ல பாதி. அதோட ஓரத்துல கம்பிச் சுருள். அந்தச் சுருள் ஒரு காந்த இடுக்குல, ரெண்டு பக்கமும் இரும்பு ஒரசாம, அந்தரத்துல நிக்கணும். ஆம்ப்ளிஃபையர்ல இருந்து மின்சாரம் வந்தா சுருள் முன்னும் பின்னும் துடிக்கும், தகடும் கூடத் துடிக்கும். இதுவரைக்கும் எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே கதைதான்.

வித்தியாசம் அடுத்தது. தகட்டுக்கு எதிர்ல வெளிய போற ஓட்டை, தகட்டோட பரப்பைவிடப் பல மடங்கு சின்னதா இருக்கும். அப்ப தகடு தள்ளுற காத்து அந்த இக்கட்டான அறையில நெருக்கப்பட்டு வேகமா வெளிய பாயும். ஓஸ் பைப் நுனியைக் கட்டைவிரலால அழுத்தினா தண்ணி எப்படிப் பீய்ச்சுமோ அப்படின்னு வச்சுக்குங்க. அதுக்கும் மேல ஒரு சிக்கல் இருந்துச்சு. தகட்டோட நடுவுல இருந்து வர்ற சத்தமும் ஓரத்துல இருந்து வர்ற சத்தமும் ஓட்டைக்கு வந்து சேர்ற தூரம் வேற வேற. முன்னப்பின்ன வந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். அதுக்காகத் தகட்டுக்கு எதிர்லயே ஒரு உலோகக் குமிழை வச்சு, அதுல வளையம் வளையமா சந்து விட்டு, எல்லாத்துக்கும் ஏறக்குறைய ஒரே தூரம் வர்ற மாதிரி பண்ணிட்டாங்க. நூறு வருஷம் ஆகப்போகுது, இன்னைக்கு லட்ச ரூபாய் ஸ்பீக்கர்லயும் அந்த அமைப்பு அப்படியே இருக்கு.

இதனால என்ன லாபம்னா, மின்சாரம் மிச்சம். வீட்ல இருக்குற காகித ஸ்பீக்கர்ல நாம குடுக்குற மின்சாரத்துல நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பங்குதான் சத்தமா மாறும், மத்தது சூடாப் போயிடும். நல்ல யூனிட்டும் நல்ல குழாயும் சேர்ந்தா நூத்துக்கு 20, 30 பங்கு வரைக்கும்கூடப் போகும். ஊருக்கு கரண்டே வராத காலத்துல, ஒரு 12 வோல்ட் கார் பேட்டரியை வச்சுக்கிட்டு நாலு ஊருக்குக் கேக்குற மாதிரி மாரியம்மன் பாட்டு போட்டாங்கன்னா, அதோட ரகசியம் இதுதான்.

555இல் நிரந்தரக் காந்தம் கிடையாது. அந்தக் காலத்துல அவ்வளவு வலுவான காந்தமே இல்ல. அதனால உள்ளே ஒரு பெரிய கம்பிச் சுருளை வச்சு, அதுக்குத் தனியா 7 வோல்ட் மின்சாரம் குடுத்துக் காந்தமாக்குவாங்க. தியேட்டருக்குச் சரி. மாட்டு வண்டியில கட்டிக்கிட்டுப் போறவனுக்கு இது ஆகுமா? 1931இல் ஜப்பான்காரர் மிஷிமா, இரும்போட நிக்கலும் அலுமினியமும் கலந்து ஒரு புதுக் காந்தத்தைக் கண்டுபிடிச்சார். அதோட கோபால்ட்டும் சேர்ந்த வகைக்கு அல்நிகோன்னு பேர் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் யூனிட்டு யாரும் தோள்ல தூக்கிட்டுப் போற சாமானாச்சு. 1950கள்ல பெரைட் காந்தம் வந்துச்சு, கறுப்பா வடை மாதிரி தட்டையா இருக்கும். விலை கம்மி. இப்ப கடையில கிடைக்கிற யூனிட்டு பெரும்பாலும் அதுதான்.

நம்ம நாட்டுக்கு வருவோம். பம்பாய்ல மோட்வானே குடும்பத்தோட சிகாகோ ரேடியோ கம்பெனி 1930கள்ல காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி போட்டுக் குடுத்துச்சு. பழைய போட்டோக்கள்ல நேரு முன்னால நிக்கிற மைக்ல சிகாகோன்னு எழுதியிருக்கும், பார்த்திருப்பீங்க. பேருக்குத்தான் சிகாகோ. 1942இல் உஷா மேத்தா நடத்தின ரகசிய காங்கிரஸ் ரேடியோவுக்குச் சாமான் குடுத்து உதவினதா அந்தக் கம்பெனியோட நானிக் மோட்வானேயைப் பிடிச்சு வழக்கு போட்டாங்க. டெல்லியில அகுஜா கம்பெனி 1940இல் ஆரம்பிச்சது. எங்க பக்கத்துல மைக்செட்டுன்னா அகுஜாதான். ‘அவன் தொண்டை அகுஜா’ன்னு எங்க ஊர்ல கிண்டல் பண்ணுவாங்க.

தமிழ்நாட்டுக் கிராமத்துக்குக் குழாய் ரெண்டு வழியா வந்துச்சு. ஒண்ணு பஞ்சாயத்து ரேடியோ. திருச்சி வானொலி நிலையம் வந்தது 1939. அதுக்கப்புறம் பஞ்சாயத்துல ஒரு ரேடியோ ரூமும் அதுக்கு மேல ஒரு குழாயும் வச்சு, சாயங்காலம் செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் ஊருக்கே கேக்க வச்சாங்க. டெல்லியில இருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசிக்கிற குரலை நான் வீட்ல கேட்டதைவிடக் குழாயில கேட்டதுதான் அதிகம். இன்னொரு வழி, மேடைப் பேச்சு. 1950, 60கள்ல கட்சிக் கூட்டம்னா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நடக்கும். அந்த அடுக்குமொழித் தமிழெல்லாம் மைக்கு இல்லாம வளர்ந்திருக்காது. அப்படிக் கூட்டத்துக்குன்னு வாங்கின செட்டுதான் மெல்ல காதுகுத்துக்கும் கோயிலுக்கும் வாடகைக்குப் போச்சு.

மாமா செட்டு வாங்கினது அப்படித்தான். அவர்கிட்ட ரெண்டு யூனிட்டு முதல்ல, பிறகு நாலு. ஒரு ரெக்கார்டு பிளேயர், தகரப் பெட்டி நிறைய ரெக்கார்டு. அடியில அரக்குத் தட்டு, மேல எல்பி. எந்த விசேஷமா இருந்தாலும் முதல்ல சீர்காழி கோவிந்தராஜன் குரல்ல ஒரு பிள்ளையார் பாட்டு. ஆடின்னா எல்.ஆர்.ஈஸ்வரி. நான் பள்ளிக்கூடம் முடிச்சுட்டு, மேல படிக்க வசதியில்லாம, 1985 வாக்குல அவர்கூடக் கம்பி இழுக்கப் போனேன்.

அவர் ஆறாவதோட நின்னவர். மீட்டர் பார்க்கத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. ஆனா யூனிட்டைத் திறந்தார்னா கோயில் கருவறைக்குள்ள போற மாதிரிதான். முதல்ல ஈரத்துணியால வெளிய துடைப்பார். உள்ளே தூசி விழுந்துடக் கூடாது. அப்புறம் வேட்டியை விரிச்சு அதுமேல வச்சுத்தான் திறப்பார். இரும்புத் தூள் கிடக்குற பட்டறைப் பக்கம் யூனிட்டைக் கொண்டுபோகவே விடமாட்டார். ஸ்க்ரூடிரைவரை யூனிட்டு மேல நீட்டினா கையில ஒரு அடி விழும். காந்தம் அதை வெடுக்குன்னு இழுக்கும், நேரா போய்த் தகட்டைப் பொத்திடும். உள்ளே வேலை செய்ய மூங்கில் குச்சியும் பித்தளைக் கம்பியும்தான்.

யூனிட்டுக்கு வர்ற நோய் பெரும்பாலும் அந்த இடுக்குல வர்றதுதான். மழையில குழாயை வானத்தைப் பார்த்துக் கட்டிடுவாங்க, தண்ணி இறங்கும், இரும்பு துருப்பிடிக்கும். அந்தத் துரு காந்தத்துல முடி மாதிரி எழும்பி நிக்கும். சுருள் அதுல ஒரசினா சத்தம் கரகரன்னு வரும். ஊதினா போகாது, துணிக்கும் வராது. மாமா பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை மெல்லிசா நறுக்கி, அதுல ஒட்டுற டேப்பைச் சுத்தி, இடுக்குக்குள்ள விட்டு வட்டமா ஒரு சுத்து சுத்துவார். டேப்புல கறுப்பா துரு ஒட்டிட்டு வரும். புது டேப் சுத்தி மறுபடி. டேப் வெள்ளையா வர்ற வரைக்கும் விடமாட்டார். இருபது தடவைகூடப் பண்ணியிருக்கார். போன மாசம் நானும் இதையேதான் பண்ணேன். இன்டர்நெட்ல தேடிப் பார்த்தா ஜப்பான்ல 555 வச்சிருக்குறவங்களும் இதையேதான் பண்றாங்க. (அவங்க பத்திரிகை அட்டை கொஞ்சம் காஸ்ட்லியா இருக்கலாம்.)

அடுத்து, டயாபிரத்துல இருந்து வர்ற மெல்லிசுப் பின்னல் கம்பி. துடிச்சுத் துடிச்சு ஈயம் வச்ச இடத்துல அறுந்துபோகும். நம்ம ஊர் யூனிட்டுல தகடு பெரும்பாலும் பேக்கலைட்ல ஊறின துணி, அலுமினியத்தைவிடத் தாங்கும். ஆனாலும் ஓரத்துல கீறல் விட்டுச்சுன்னா தூக்கிப் போட வேண்டியதுதான். 16 ஓம் யூனிட்டை மீட்டர்ல வச்சா 11ல இருந்து 13க்குள்ள காட்டணும். முள்ளு அசையலேன்னா சுருள் போச்சு. புது டயாபிரம் போட்டா நடுவுல நிறுத்துறதுதான் வித்தை. எல்லா ஸ்க்ரூவையும் லூசா வச்சு, சன்னமா பாட்டை ஓடவிட்டு, கரகரப்பு நிக்கிற இடம் வரைக்கும் விரல்ல நகத்தி, வண்டிச் சக்கரத்து நட்டு முறுக்குற மாதிரி எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். ஒரே பக்கமா முறுக்கினா சாய்ஞ்சிடும்.

இன்னொண்ணு, குளவி. வேலை இல்லாத மாசத்துல குழாய்க்குள்ள மண்கூடு கட்டிரும். சத்தம் அடைச்சமாதிரி வந்தா யூனிட்டைத் திறக்குறதுக்கு முன்னாடி குழாயை டார்ச் அடிச்சுப் பாருங்க. நான் ஒரு தடவை பார்க்காம அரைநாள் வேலை கெட்டேன்.

சுருள் கருகுறதுக்குக் காரணம் சத்தம் மட்டும் இல்ல. குழாயோட நீளத்துக்கும் வாய் அகலத்துக்கும் தக்கபடி ஒரு அளவுக்குக் கீழ உள்ள அடித்தொனியை அதால தள்ள முடியாது. அந்தத் தொனி வந்தா தகடு எதுர்ல காத்துப் பிடிமானம் இல்லாம வெறுமனே அலையும், கிழியும். அதனாலதான் பழைய குழாயில நாகஸ்வரம் கணீர்னு வரும், தவில் கொட்டாங்கச்சி மாதிரி வரும். இந்தக் காலத்து குத்துப்பாட்டை பழைய யூனிட்டுல போடாதீங்கன்னு நான் கேட்டுக்குறது ரசனைக்காக இல்ல. கண்டிப்பா போட்டே ஆகணும்னா வரிசையில ஒரு கெப்பாசிட்டர் வச்சுட்டுப் போடுங்க, அடித்தொனியைத் தடுக்கும்.

சரி, அந்த வேற ஸ்க்ரூ கதை.

எங்க கோயில் புளியமரத்துல நாலு குழாய் கட்டுவோம். ஒண்ணு கிழக்கு, ஒண்ணு மேற்கு, ஒண்ணு வடக்குத் தெரு. நாலாவது கண்மாய்ப் பக்கம். கண்மாய்க்கு அந்தாண்டை காலனி. மொதல்ல மூணு குழாய்தான் கட்டிக்கிட்டு இருந்தாங்களாம். “சாமி ஊருக்குத்தான, அவங்களுக்கு எதுக்கு”ன்னு கேட்ட பெரிய மனுஷங்க உண்டு. மாமா நாலாவது யூனிட்டு வாங்கினதும் யார்கிட்டயும் கேக்காம அந்தப் பக்கம் திருப்பிக் கட்டிட்டார். கேட்டவங்ககிட்ட, “வயக்காட்டுல இருக்கறவனுக்குக் கேக்கணும்ல”ன்னு சொல்லி முடிச்சுட்டார். இதை அவர் பெரிய காரியமாவே எங்கயும் சொன்னது இல்ல.

ஒரு புரட்டாசி. வேலை இல்ல. மாமா வெளியூர். நான் பெரிய மெக்கானிக்னு எனக்கே நினைப்பு. அந்த நாலாவது யூனிட்டை முழுசா சுத்தம் பண்றேன்னு, டயாபிரத்தோட நிறுத்தாம, பின்னாடி போல்ட்டைக் கழட்டி, நடுவுல இருந்த அல்நிகோ காந்தத்தையே வெளிய உருவிட்டேன். பளபளன்னு துடைச்சேன். திரும்ப வச்சு முறுக்கினேன். ஒரு ஸ்க்ரூ தொலைஞ்சு போச்சு, வேற ஒண்ணு போட்டேன். மீட்டர்ல 12 ஓம் காட்டுச்சு. பாட்டும் வந்துச்சு. ஆனா பக்கத்து யூனிட்டோட வச்சுக் கேட்டா பாதிகூட இல்ல.

அல்நிகோ காந்தத்தைச் சுத்தி இரும்பு இருக்குற வரைக்கும்தான் அதுக்குப் பலம். இரும்பை விட்டு வெளிய எடுத்த நிமிஷமே அது தன் பலத்துல ஒரு பங்கை இழந்துடும். திரும்ப உள்ளே வச்சாலும் போனது போனதுதான். இது எனக்குத் தெரிஞ்சது இருபது வருஷம் கழிச்சு. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சதெல்லாம், ஏதோ தப்பாப் போச்சு, மாமாகிட்ட சொல்லக் கூடாதுங்கறது மட்டும்தான். சொல்லல. குழாய் கட்டுறது நான்தான். எந்த யூனிட்டு எந்தப் பக்கம்னு யாரும் பார்க்கப் போறதில்ல. அதே யூனிட்டை அதே கண்மாய்ப் பக்கம் கட்டிக்கிட்டே இருந்தேன். மத்த தெருவுல கட்டினா பெரிய மனுஷங்க கேள்வி கேப்பாங்க. காலனிக்காரங்க கேக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அதைத்தான் இவ்வளவு வருஷம் கழிச்சு இங்க எழுதறேன்.

அப்பெல்லாம் அறிவிப்பு எல்லாமே கோயில் மைக்லதான். மண்ணெண்ணெய் வந்திருக்கு, பிள்ளைக்குத் தடுப்பூசி, இன்னார் தவறிட்டார். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துல கண் சிகிச்சை முகாம்னு முந்தின நாள் சாயங்காலம் நான்தான் மைக்ல சொன்னேன். மூணு தடவை சொன்னேன். முகாம் முடிஞ்சு வேன் கிளம்பிப் போன மறுநாள், காலனியில இருந்து ஒரு கிழவி பேரன் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்து கோயில் ஓரமா நின்னுச்சு. ரெண்டு கண்ணுலயும் புரை. “முகாமுன்னு சொன்னீகளாமே சாமி, எங்க பக்கம் மட்டும் ஏன் சன்னமா கேக்குது, காத்து திரும்பிப்போச்சா?”ன்னுச்சு. காத்துதான்னு நான் சொன்னேன்.

மாமா பக்கத்துல நின்னார். ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு ராத்திரி நாலு யூனிட்டையும் வரிசையா வச்சு, ஒரே பாட்டை மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டார். அந்த ஸ்க்ரூவைத் தடவிப் பார்த்தார். “மாப்ளே, கழட்டினவன் சொல்லியிருந்தா மேற்கால கட்டியிருப்பேன்ல”ன்னார். மறுநாள்ல இருந்து நல்ல யூனிட்டு கண்மாய்ப் பக்கம் போச்சு, சத்தம் கம்மியானது மேற்குத் தெருவுக்கு வந்துச்சு. மேற்குத் தெரு எங்க தெரு. அந்தக் கிழவிக்கு அடுத்த முகாம் வர்றதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு கண்ணுதான் தெளிஞ்சது.

அப்புறம் கேசட் வந்துச்சு, பெட்டி ஸ்பீக்கர் வந்துச்சு. ஒலி மாசு விதிகள் 2000இல் வந்துச்சு, ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னுச்சு. கூம்பு வடிவக் குழாய்க்குத் தடைன்னு போலீஸ்காரங்க கழட்டிட்டுப் போற செய்தி இப்பவும் பேப்பர்ல வருது. நான் இதுக்கு எதிரி இல்ல. நாலு குழாயை வீட்டுச் சன்னலுக்கு நேரா கட்டிப் பத்து நாள் அலறவிட்டா நோயாளியும் பரீட்சை எழுதுற பிள்ளையும் என்ன பண்ணுவாங்க? நாங்க அப்படிக் கட்டினவங்கதான். அறிவிப்புக்குன்னு வந்த சாமானை வீம்புக்குன்னு ஆக்கினது நாங்கதான்.

இந்தத் தடவை அந்த யூனிட்டைச் சரி பண்ணியே தீரணும்னு உக்காந்தேன். பழைய மொபெட்டுக்கு மேக்னட் சார்ஜ் பண்ற பட்டறை ஒண்ணு டவுன்ல இன்னும் இருக்கு. காந்தத்தை மட்டும் கழட்டி எடுத்துட்டுப் போனேன். தடிச் செம்புச் சுருளுக்கு நடுவுல வச்சு ஒரு நொடி சுவிட்சைத் தட்டினார். பிடிச்சு இழுக்க முடியாத அளவுக்கு ஏறிச்சு. சந்தோஷமா வீட்டுக்கு வந்து மாட்டினேன். பழைய குருடி கதவைத் திறடி கதைதான். வெளிய வச்சு ஏத்தினதை உள்ளே வைக்கிறதுக்குள்ள இழந்திருச்சு. திரும்பப் பஸ் ஏறி, இந்தத் தடவை டயாபிரத்தை மட்டும் கழட்டி வச்சுட்டு, காந்தமும் இரும்பும் சேர்ந்த மொத்த உருண்டையையும் கொண்டுபோனேன். அப்படியே மொத்தமா வச்சு ஏத்தினார். பட்டறைக்காரர் அறுபது ரூபாதான் வாங்கினார், பஸ் காசு அதுக்கு மேல.

இதைப் படிக்கிறவங்கள்ல பழைய யூனிட்டு வாங்கி வீட்ல வச்சுக் கேக்குறவங்க இருக்கீங்க. எனக்கு மெயில் போடுறீங்க. டயாபிரம் வரைக்கும் கழட்டுங்க, துடைங்க, ஆனா பின்பக்கப் போல்ட்டைத் தொடாதீங்க. இன்னொண்ணு, ரெண்டு யூனிட்டைப் பக்கத்துல பக்கத்துல வைக்கிறப்போ ஒண்ணரை வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பாருங்க. டக்குன்னு சத்தம் வரும். ரெண்டுலயும் தகடு ஒரே பக்கம் தள்ளுற மாதிரி ஒயரைக் குடுக்கணும். மாத்திக் குடுத்தா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுடும்.

போன வாரம் அந்தக் கிழவியோட பேரன் வந்திருந்தார். அன்னைக்குக் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்த அதே பையன். இப்ப நாப்பது தாண்டிருச்சு, சொந்தமா சவுண்டு சர்வீஸ் வச்சிருக்கார். எங்க ஊர் விசேஷத்துக்கும் அவர் செட்டுதான். யூனிட்டைக் கையில வாங்கித் தூக்கிப் பார்த்துட்டு, “அல்நிகோவா அண்ணே?”ன்னார். ஸ்க்ரூவைப் பார்த்தார். நான் சொன்னேன், முழுசா சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருந்தார். “ஆத்தா கடைசி வரைக்கும் காத்துன்னுதான் சொல்லிட்டு இருந்துச்சு”ன்னார். அப்புறம் தன் வண்டியில இருந்து ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரை எடுத்துட்டு வந்தார். வரப்பு மேல ஒரு குழாயை நிறுத்தி, அவர் யூனிட்டையும் இதையும் மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டோம். சன்னமாத்தான் வச்சோம். ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் தெரியல. இதுல குரல் கொஞ்சம் தெளிவுன்னு அவர் சொன்னார், எனக்கு அப்படித் தோணல.

யூனிட்டை அவரே எடுத்துட்டுப் போயிட்டார். ஸ்க்ரூ மட்டும் மாத்த வேண்டாம்னுட்டார். மீதி ரெண்டுல ஒண்ணுக்கு டயாபிரம் கிழிஞ்சிருக்கு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல யாராவது இந்த அளவுக்குப் பார்த்தீங்கன்னா சொல்லுங்க. சுருளோட விட்டம் அளந்து போட்டோ எடுத்து அடுத்த பதிவுல போடுறேன். நாளைக்குக் களை எடுக்க ஆள் வருது.